இடது காலுக்குப் போட்ட முடிச்சு

1

"இடது கணுக்காலைச் சுற்றி வளையம்போல் ஒரு தழும்பு" என்று குடியுரிமை விண்ணப்பத்தில் உண்மையை எழுதியதுதான் வினையாகப் போயிற்று. எனக்கு மூக்கோரத்தில் நல்ல கறுப்பாக ஒரு மச்சம் இருக்கிறது. அங்க அடையாளம் என்ற கட்டத்தில் அதை எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும். நான் என் கையால் கெட்டேன்.

மலாயா சுதந்திரம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. மலாக்காவில், எங்கள் காஜா பேராங் பகுதியில், மறுபடியும் தெருவெல்லாம் கொடி கட்டுகிறார்கள். கொடி ஏறிய கையோடு வந்த இன்னொரு விஷயம் விண்ணப்பப் படிவம். இந்த நாட்டில் இருக்கப் போகிறாயா, திரும்பிப் போகப் போகிறாயா என்று அரசாங்கம் மரியாதையாகக் கேட்கிறது. இருக்கிறேன் என்று சொல்ல நாலு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

கவுண்டரில் இருந்தவர் ஒரு மலாய் இளைஞர். புதிதாக வந்தவர். படிவத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் தழும்பில் நின்றார்.

"எப்படி வந்தது?" என்று மலாயில் கேட்டார்.

"சைக்கிள்" என்றேன்.

"விழுந்தீர்களா?"

"இல்லை. கட்டியது."

"யார் கட்டியது?"

"என் மனைவி."

அவர் பேனாவை மூடி வைத்தார். கால்சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு தமிழர், "பொண்டாட்டி கட்டிப் போட்டிருக்காடா!" என்று பக்கத்து ஆளிடம் சொன்னது நன்றாகக் கேட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "சிறையில் இருந்ததுண்டா?" என்றார்.

கணுக்காலில் வளையம் என்றால் விலங்கு என்றுதானே தோன்றும். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளை ராணுவம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிற காலம் வேறு. பதற்றத்தில், "லு போய் என் வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்டுப் பார்" என்று சொல்லிவிட்டேன். 'லு' என்றால் 'நீ'. சந்தையில் மீன் வாங்கும்போது சொல்லலாம். அரசாங்க மேசைக்கு முன்னால் சொல்லக்கூடாது. நான் குடியிருக்கும் வீட்டில் எல்லாரும் எல்லாரையும் 'லு' என்றே கூப்பிடுவதால் எனக்கு அது பழகிப்போயிற்று.

அதிகாரி நிதானமானவர். தழும்பு எப்படி வந்தது என்று எழுத்தில் விளக்கம் கொண்டுவா, ஒரு சாட்சியையும் அழைத்து வா என்று அனுப்பிவிட்டார். முந்தாநாள் உட்கார்ந்து முதலில் தமிழில் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் அடங்குவதாக இல்லை. ஆகவே சுருக்கத்தை அதிகாரிக்கும், முழுமையை ஊரில் பத்திரிகை படிக்கும் உங்களுக்கும் அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தேன்.

2

என்னைப் பற்றிச் சொல்வதென்றால் சைக்கிளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கப்பலேறி வந்து முதல் நாலு வருஷம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, இருந்தேன். அங்கேதான் பழைய பச்சைச் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். பிறகு மலாக்கா நகரத்துக்கு வந்து ஒரு ரப்பர் கிடங்கில் எழுத்து வேலை. வேலை மாறியது, வீடு மாறியது, சைக்கிள் மாறவில்லை. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டுவேன். "ஆயுத பூசைக்கு ஒரு நாளுதான் எல்லாரும் பொட்டு வைப்பாங்க. எங்க வீட்டுல வாராவாரம் ஆயுத பூசை" என்பாள் என் மனைவி கமலம்.

இந்த நாட்டில் சைக்கிளுக்கு வருஷா வருஷம் உரிமம் எடுத்துத் தகடு மாட்ட வேண்டும். பழைய தகடுகளை ஆணியில் கோத்து வைத்திருந்தேன். குடியுரிமைக்கு இத்தனை ஆண்டு தொடர்ந்து இங்கே இருந்ததற்கு ஆதாரம் என்ன என்று படிவம் கேட்டபோது, மற்றவர்கள் பள்ளிச் சான்றிதழும் பிரசவச் சீட்டும் தேடி அலைந்தார்கள். நான் ஆணியோடு கழற்றிக்கொண்டு போனேன். மலாயாவில் நான் வாழ்ந்ததற்கு என் சைக்கிளே சாட்சி.

சைக்கிள் இருந்தால் ஊர் சுற்றாமல் இருக்க முடியுமா? ஞாயிறு காலைகளில் பத்து பெரெண்டாம் விமானத் திடல் வரை போய் விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டு வருவேன். விடுமுறை கிடைத்தால் மூவார். ஒருமுறை மூவார் சாலையில் ராணுவத்தார் நிறுத்திப் பையைச் சோதித்தார்கள். உள்ளே கமலம் கட்டிக் கொடுத்த புளியோதரை. காட்டில் இருப்பவர்களுக்கு யாரும் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிடக்கூடாது என்பது சட்டம். "இது ஐந்து பேர் சாப்பாடு. யாருக்குக் கொண்டுபோகிறாய்?" என்றார்கள். கமலத்தின் அளவில் அது ஓர் ஆளுக்குத்தான் என்று எவ்வளவோ சொன்னேன். அப்படியென்றால் எங்கள் கண்முன்னால் சாப்பிட்டு முடி என்றார்கள். முடித்தேன். மூவார் வரை மிதித்தது நானில்லை, என் தலைவிதி.

ஊரில் நான் சைக்கிள் கற்றது மன்னார்குடிப் பக்கத்தில், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த வண்டியில். கற்றுக்கொண்ட முதல் பாடம் ஏறுவது அல்ல, இறங்குவது. மிராசுதார் தெரு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தத் தெரு அப்படியொன்றும் நீளமில்லை. ஆனாலும் இறங்காமல் போனவன் ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை. தோட்டத்துக்கு வந்த பிறகு அதே பாடத்தை இரண்டாம் முறை படித்தேன். அங்கே துரை. வெள்ளைக்கார நிர்வாகி எதிரே வந்தால், கூலியானாலும் கிராணியானாலும் ஐந்து கஜத்துக்கு முன்பே இறங்கி, ஓரமாக நின்று, தலையில் இருப்பதைக் கையில் எடுத்துக்கொண்டு, "சலாம் துரை" என்று சொல்ல வேண்டும். இதை இங்கே மறக்காமல் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் குடியிருப்பது கம்போங் செட்டியில் நடேசன் பிள்ளை வீட்டின் பின்கட்டில். இந்தச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே நம் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே கலந்துவிட்டவர்கள். வீட்டு மொழி ஒருவகை மலாய். நடேசன் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தமிழன் செய்யத் தவறுவது எல்லாம் தெரியும். வெள்ளிக்கிழமை நான் நகம் வெட்டினால் சன்னல் வழியாகச் சத்தம் போடுவார். நெற்றி நிறைய விபூதி. சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதைவிட முக்கியம், பல ஆண்டுகள் கால்பந்து நடுவராக இருந்தவர். அந்த ஊதல் இன்னும் அவர் கழுத்தில்தான் தொங்குகிறது.

எங்கள் மகள் வசந்தா தோட்டத்தில் பிறந்து இந்த வீட்டில் வளர்ந்தவள். போன வருஷம் எட்டு வயது. அவள் வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து மலாயில் முடிப்பாள். கோபம் வந்தால் மலாயில் ஆரம்பித்து மலாயிலேயே முடிப்பாள். எண்ணுவது எப்போதும் மலாயில்தான். ஒருநாள் கமலம் அவளை அதட்டியபோது, அவள் திருப்பிச் சொன்ன பதில் எங்கள் இருவருக்கும் புரியவில்லை. நடேசன் பிள்ளையிடம் போய் அர்த்தம் கேட்டேன். "தெரியாமல் இருப்பதே நல்லது" என்றார்.

3

எங்கள் தமிழ்ப் பள்ளி என்றால் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். ஓலைக் கூரை மக்கிப்போய், மழை வந்தால் பிள்ளைகள் பலகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்வார்கள். சுதந்திரக் கொடி ஏறிச் சில வாரங்களில் ஆய்வாளர் வந்தார். ஆண்டு முடிவு மழைக்குள் நல்ல கூரை போடாவிட்டால் கொட்டகையை மூடிவிட்டுப் பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுவோம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்.

வசந்தாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்பா, கான்வென்ட்ல மழை உள்ள வராதாம். அங்க பியானோகூட இருக்காம்" என்றாள். இந்தக் கொட்டகையும் போனால், அப்புறம் என் மகளோடு பேச நான் எப்போதும் நடேசன் பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

வாத்தியாரும் நானும் இரும்புச் சாமான் கடைத் தவுக்கேயிடம் போனோம். தவுக்கே என்றால் சீன முதலாளி. அவர் கடையில் துத்தநாகத் தகரம் கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கும். "கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்தால் கடை என்னாவது? நீங்கள் என்ன செய்வீர்கள், அதைச் சொல்லுங்கள்" என்றார் அவர். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் சுவரில் சாத்தியிருந்த என் சைக்கிளைப் பார்த்தேன்.

சிறு வயதில் எங்கள் ஊருக்கு ஒரு சைக்கிள்காரன் வந்திருந்தான். ஏழு நாள் இறங்காமல் சுற்றுவேன் என்று சொல்லிச் சந்தைத் திடலில் சுற்றினான். வண்டிமேலேயே குளித்தான், சாப்பிட்டான், தலை சீவிக்கொண்டான். அந்த ஞாபகத்தில் வாய் முந்திக்கொண்டது. "காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, கால் தரையில் படாமல் சைக்கிள் விடுகிறேன். கூரை போடத் தகரம் தருவீர்களா?"

தவுக்கேக்குப் பந்தயம் என்றால் உயிர். கண் மின்னியது. "போலே" என்றார். சரி என்று அர்த்தம். "ஆனால் கால் ஒரு தடவை பட்டாலும் ஒரு தகரம்கூடக் கிடையாது."

நடுவர் நடேசன் பிள்ளை. வேறு யார்? பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் விதி எழுத உட்கார்ந்தார். கால் தரையில் படக்கூடாது. வண்டி நிற்கக்கூடாது. சாப்பாடு ஓடும்போதே. இவ்வளவும் வேகமாக எழுதியவர் அடுத்த விதிக்கு வந்ததும் பேனாவைக் கடித்தார். பன்னிரண்டு மணி நேரத்தில் மனிதனுக்கு வேறொன்றும் தேவைப்படுமே. கடைசியில், நாலு பேர் நாலு முழ வேட்டிகளை விரித்துப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடலாம் என்று விதி எழுதப்பட்டது. அந்த நாலு பேர் யார் என்பதில்தான் கொஞ்சம் தகராறு வந்தது.

4

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பள்ளிக்கு எதிர்த் திடலில் கூட்டம். கமலம் ஆரத்தி எடுத்தாள். நடேசன் பிள்ளை இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஊதல் அடித்தது. சக்கரம் பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. வட்டத்தின் ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு வசந்தா உட்கார்ந்தாள். சுற்று எண்ணுவது அவள் வேலை. கையில் சுண்ணாம்புக்கட்டி, மடியில் பலகை. சத்தமாக மலாயில் எண்ண ஆரம்பித்தாள்.

காலை சுகமாகப் போயிற்று. கமலம் ஓடிக்கொண்டே இட்லி ஊட்டினாள். கல்யாணத்தன்றுகூட அவள் எனக்கு ஊட்டியதில்லை. நடுப்பகலில் வெயில் கொளுத்தியது. நாலு வேட்டிக்காரர்களும் ஒருமுறை ஓடினார்கள். அதில் ஒருவர் தடுக்கி விழுந்து, ஒரு பக்கம் திறந்துகொண்ட விஷயத்தை இங்கே விரித்து எழுத விருப்பமில்லை. மூன்று மணிக்குத் தொடை கல்லானது. நாலு மணிக்குக் கல்லும் வலித்தது. தவுக்கே தன் கடைப்பையன் பிடித்த குடையின் கீழ் உட்கார்ந்து, என் காலை விட்டுக் கண்ணை எடுக்காமல் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

ஐந்தரை மணி. இன்னும் அரை மணி நேரம். சனம் கைதட்ட ஆரம்பித்துவிட்டது. தகரம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். கூரைக்கு எந்தப் பக்கம் சரிவு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு மிதித்தேன்.

அப்போது திடலின் குறுக்கே ஒரு தொப்பி வந்தது.

எங்கள் பழைய துரை. தோட்டத்தை விற்றாயிற்று, அடுத்த மாதம் சீமைக்குக் கப்பலேறுகிறார். நல்ல காரியம் நடக்கிறது, ஒரு எட்டு வந்து பாருங்கள் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். காக்கி அரைக்கால்சட்டை, கையில் பிரம்பு, அதே நடை. நேராக என் வட்டத்துக்குள் வந்தார்.

எல்லாம் முறைப்படி நடந்தது. ஐந்து கஜத்துக்கு முன்பே வண்டி மெதுவானது. இடது கால் இறங்கியது. வலது கால் சுற்றி வந்தது. தலைத்துண்டு கைக்கு வந்தது.

"சலாம் துரை."

"சலாம் கெராணி. நல்லா இருக்கியா? பொஞ்சாதி, புள்ளே, எல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கோம் துரை."

அவர் தலையாட்டிவிட்டுக் கடந்து போனார். உள்ளங்காலில் புல் சுட்டது. ஏன் சுடுகிறது என்று ஒரு கணம் யோசித்தேன். கால் தரையில் இருக்கிறது. தாவி ஏறி மிதித்தேன்.

சுற்றிலும் பார்த்தால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் பாதிக்கு மேல் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்தவர்கள். எல்லாரும் எழுந்து, தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார்கள். கமலம்கூட முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தவுக்கே வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். நடேசன் பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். தப்பித்தேன் என்று நினைத்தேன். அப்போதுதான் காதில் உறைத்தது. எண்ணுகிற குரல் நின்றுவிட்டது.

வசந்தா எழுந்திருக்கவில்லை, குனியவுமில்லை. சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்று நடேசன் பிள்ளை மலாயில் கேட்டார்.

"அப்பா இறங்கினார்" என்றாள்.

அவர் கூட்டத்தைப் பார்த்து, "யார் பார்த்தது?" என்றார். "பாக்கலையே" என்றார்கள். சத்தியமான வார்த்தை. தலை குனிந்திருந்தவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? நடுவர் நேரே துரையிடம் போனார். நெற்றி விபூதியைப் பார்த்ததும் துரை மகிழ்ந்துபோய் நல்ல தோட்டத்துத் தமிழில் பதில் சொன்னார்.

"எறங்கினான். எப்பவும் எறங்குவான். மரியாதெ தெரிஞ்ச ஆளு."

நடேசன் பிள்ளைக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. வெள்ளைக்காரர் தமிழ் பேசுகிறார், தனக்குப் புரியவில்லை என்று எப்படிச் சொல்லுவது? இரண்டு முறை தலையை ஆட்டிவிட்டு, வசந்தாவிடம் வந்து மெல்ல, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"இல்லன்னு சொல்லு பாப்பா," "எறங்கலன்னு சொல்லிடும்மா" என்று நாலு பக்கமிருந்தும் கிசுகிசுத்தார்கள். நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். கூரை. அதற்கு மேல் சொல்ல என்னிடம் நியாயம் ஒன்றும் இல்லை. அவள் பொய் சொல்ல வேண்டும் என்று அந்தச் சுற்று முழுக்க நான் வேண்டிக்கொண்டேன்.

அவள் துரை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மலாயில் சொன்னாள். மரியாதை தெரிந்த ஆள் என்பதைக்கூட விடவில்லை.

ஊதல் அடித்தது.

தவுக்கே எழுந்து நின்று சட்டையில் இருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டார். "பாவம். ஆனால் பேச்சு பேச்சுதான்" என்றார். வாத்தியார் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். யார் யாரோ வசந்தாவைத் திட்டினார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தவுக்கேக்கு முன்னால் போய் நின்று, "அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மறுபடியும் ஓட்டுவார்" என்றாள்.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "போலே" என்றார் தவுக்கே. அவள் அதோடு விடாமல் துரையிடம் திரும்பித் தமிழில், "நீங்களும் வரணும். இதே நேரத்துக்கு. இதே மாதிரி நடந்து வரணும்" என்றாள். துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வரேன், வரேன்" என்றார்.

5

வீட்டில் கமலம் என் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வசந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தத் துவான் நம்ம சொந்தக்காரரா?"

"இல்லம்மா. எங்க தோட்டத்துத் துரை."

"அப்ப எதுக்கு எறங்குனீங்க?"

"தோட்டத்துல எல்லாரும் எறங்கணும்."

"இது திடல்தானே?"

நான் கமலத்தைப் பார்த்தேன். "என்னை என்னாத்துக்குப் பாக்குறீங்க? நானே எந்திரிச்சு நின்னேன்" என்றாள் அவள். எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்லாத பெண்ணைப் பெற்றதற்குப் பெருமைப்படவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை.

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் பயிற்சி. மிதிப்பதற்கு அல்ல, இறங்காமல் இருப்பதற்கு. கமலம் என் வெயில் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கையில் துடைப்பத்தைப் பிரம்பாகப் பிடித்து, சந்தில் எதிரே நடந்து வந்தாள். நான் இறங்கிவிட்டேன். "பத்து வருசத்துல இன்னிக்குத்தான் எனக்கு மரியாதை குடுத்திருக்கீங்க" என்றாள். அடுத்து நடேசன் பிள்ளை தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் இறங்கினேன். கடைசியில் வசந்தா தொப்பியை வேலிக்கம்பில் மாட்டி வைத்தாள். கம்பைக் கடக்கும்போது இடது கால் பெடலை விட்டு ஒரு சாண் விலகியதை மூன்று பேரும் பார்த்தார்கள். மிராசுதார் தெருவும் தோட்டமும் சேர்ந்து இத்தனை வருஷமாகப் பழக்கிய கால் அது. என் பேச்சை எங்கே கேட்கும்?

"கட்டிரலாங்க" என்றாள் கமலம்.

நடேசன் பிள்ளை நோட்டைப் புரட்டிப் பார்த்தார். காலைக் கட்டக்கூடாது என்று விதி இல்லை.

6

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் என் பழைய வேட்டியைக் கிழித்து, இடது காலைப் பெடலோடு சேர்த்துக் கமலம் கட்டினாள். "பிடிப்பு வராமல் இருக்க" என்று கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டேன். ஒருவரும் நம்பவில்லை. போன வாரத்தைவிட இரண்டு பங்கு கூட்டம். எல்லாரும் என் காலைப் பார்க்க வந்திருந்தார்கள்.

அன்றைய வலியைச் சொல்லி உங்களைக் கஷ்டப்படுத்தவில்லை. மதியத்துக்குள் துணி தோலை அறுத்துவிட்டது. ஐந்தரை மணிக்குச் சொன்ன சொல் தவறாமல் தொப்பி வந்தது. துரை அதே வழியில் அதே நடை நடந்தார். கூட்டம் எழுந்தது. ஆனால் இந்த முறை ஒரு தலைகூடக் குனியவில்லை. குனிந்தால் என் காலை எப்படிப் பார்ப்பது?

ஐந்து கஜம். கால் இழுத்தது. முடிச்சு இழுத்துப் பிடித்தது. வண்டி ஒரு ஆட்டம் ஆடி, வேலிப் பக்கம் சாய்ந்து, நேரானது. "சலாம் துரை!" என்று சீட்டிலிருந்தே கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன் போலிருக்கிறது. அவர் நின்றார். ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். நான் கடந்து போய்விட்டேன். வசந்தாவின் குரல் ஓர் எண்கூடத் தவறாமல் எண்ணிக்கொண்டு போயிற்று.

ஆறு மணிக்கு ஊதல். தவுக்கே சொன்னபடி தகரம் அனுப்பினார், ஆணிக்கும் காசு வாங்கவில்லை. மழைக்கு முன்னால் கூரை ஏறிவிட்டது. இப்போது ஒரு சொட்டு உள்ளே வருவதில்லை. ஆனால் மழை வந்தால் தகரம் போடுகிற சத்தத்தில் வாத்தியார் சொல்கிற தமிழ் ஒருவர் காதிலும் விழுவதில்லையாம். மழை நேரத்தில் எல்லாரும் பேசாமல் பார்த்து எழுத வேண்டும். அதனால் வசந்தாவின் கையெழுத்து என் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது. பேசும்போது இன்னும் பாதிக்கு மேல் மலாய்தான். கான்வென்ட்டையும் பியானோவையும் அவள் மறந்துவிடவில்லை.

7

நாளை மறுநாள் நடேசன் பிள்ளையைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு அந்த அதிகாரியிடம் போகிறேன். விளக்கம் ஒரே வரி: "தமிழ்ப் பள்ளிக் கூரைக்காகச் சைக்கிள் ஓட்டியபோது துணி அறுத்தது." ஊதல் அடித்த பிறகு நடந்ததை அதில் எழுதவில்லை. எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஊதல் அடித்ததும் மாலையோடு ஓடி வந்தார்கள். "எறங்குங்க, எறங்குங்க" என்றார்கள். நான் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தேன். கால் கட்டியிருக்கிறதே, நிறுத்தினால் விழுந்துவிடுவேன். நாலு பேர் ஓடி வந்து வண்டியைப் பிடித்து நிறுத்தினார்கள். போன வாரம் வேட்டி பிடித்த அதே நாலு பேர். வியர்வையில் நனைந்து நனைந்து முடிச்சு இறுகிக் கிடந்தது. வாத்தியார் முயன்றார், நடேசன் பிள்ளை முயன்றார். கட்டிய கமலத்துக்கே அவிழ்க்க வரவில்லை. யாரோ கத்தி கேட்டார்கள். "வேணாங்க, காலு போயிரும்" என்று கமலம் அலறினாள்.

கூட்டம் விலகி வழிவிட்டது. துரை வந்தார்.

முடிச்சைப் பார்த்தார். கையில் இருந்த தொப்பியைப் புல்லில் வைத்தார். பிரம்பை அதன்மேல் வைத்தார். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, என் காலை இரண்டு கையாலும் பிடித்தார்.

"காலெ ஆட்டாதே, கெராணி."

நான் ஆட்டவில்லை. அவருடைய தலை உச்சியில் முடி கொட்டிப்போய் வெயிலில் சிவந்திருந்தது. நாலு வருஷம் அவரிடம் வேலை பார்த்தும் நான் அதைப் பார்த்ததில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வசந்தா முக்காலியின் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள்.

முடிச்சு அவிழ்ந்தது. அவர் துணியைச் சுருட்டிக் கமலத்தின் கையில் கொடுத்தார். ஒரு கையைப் புல்லில் ஊன்றி, பிரம்பையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார். அதுவரை நான் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு இறங்கினேன். இடது கால்தான் முதலில்.